பூங்காவின் பின்மூலையை விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எங்கள் பூங்காவின் பின்மூலையில் புல்வெட்டும் இயந்திரம் ஓடியது. நான் போய்ச் சேர்வதற்குள் மதிலோரம் நின்ற ஆறு எருக்கஞ்செடிகளும் சாய்ந்துவிட்டன. முந்தின நாள் மாலைதான் அந்தச் செடிகளில் ஒன்பது புழுக்களை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். வெள்ளை, மஞ்சள், கறுப்பு என வளையம் வளையமாக நிறம் மாறும் உடல். அதன்மேல் கொம்பு போல மூன்று இணைக் கறுப்பு இழைகள். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் புழுக்கள் அவை. வெட்டிப்போட்ட குவியலைக் கிளறி நான்கைத்தான் மீட்க முடிந்தது. அவற்றை இலையோடு ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இயந்திரம் ஓட்டியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. "வெறும் எருக்குதானே ஐயா, இதற்கா இவ்வளவு பதறுகிறீர்கள்?" என்று கேட்டவர், புழுவைக் கண்டதும் இயந்திரத்தை அணைத்துவிட்டு என்னோடு குனிந்து தேடினார். நான்கில் ஒன்றைக் கண்டெடுத்துத் தந்தவர் அவர்தான். என் வருத்தம் வேறு. மழைக்கு முன் பின்மூலைப் பள்ளத்தை மேடாக்கி, சிமென்ட் கல் பதித்து, கொரியன் புல் விரித்து, உடற்பயிற்சிக் கருவிகள் வைக்கப் போகிறார்களாம். எருக்கை வெட்டியது அந்த வேலையின் தொடக்கம். பூங்காவின் பெயரை நான் எழுதவில்லை. இதே போன்ற பின்மூலை சென்னையில் எத்தனையோ பூங்காக்களில் இருக்கிறது. எல்லா இடத்திலும் இதேதான் நடக்கிறது.

நான் தபால்காரனாக இருந்தவன். 1984-இல் வேலைக்குச் சேர்ந்து 2022-இல் ஓய்வுபெற்றேன். வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கமெல்லாம் சைக்கிளில் சுற்றியவன். சேர்ந்த புதிதில் இந்தப் பகுதியில் வயல்கள் இருந்தன. ஏரிக்கரைமேல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது தட்டான்கள் கைப்பிடியில் வந்து உட்காரும். அப்போது அவற்றை நின்று பார்க்க நேரமும் இல்லை, பார்க்க வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. சிறுவயதில் தட்டான் வாலில் நூல் கட்டிக் கூழாங்கல்லைத் தூக்கவைத்த கூட்டத்தில் நானும் ஒருவன். அதை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

ஓய்வுபெற்ற பிறகு பேத்திதான் என்னைப் பார்க்க வைத்தாள். "தாத்தா, இந்த மஞ்சள் பூச்சி நேற்றும் இதே குச்சியில்தான் உட்கார்ந்திருந்தது" என்றாள். உண்மைதான். தட்டான்களில் பல தமக்கென்று ஒரு குச்சியை வைத்துக்கொள்ளும். பறந்து ஒரு பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே நுனிக்குத் திரும்பும். துரத்திப் போனால் ஒன்றும் கிடைக்காது. குச்சியைக் கண்டுபிடித்து, நம் நிழல் அதன்மேல் விழாத பக்கம் உட்கார்ந்துவிட்டால் அதுவே வரும். குட்டையோரம் ஒரு காய்ந்த குச்சியை நட்டுவைத்தால்கூடப் போதும். உச்சிவெயிலில் சிவப்புத் தட்டான் வாலைச் சூரியனை நோக்கி நிமிர்த்திக்கொண்டு, ஏறக்குறையத் தலைகீழாக நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வெயில் படும் உடற்பரப்பைக் குறைத்துக்கொள்ள அது செய்யும் உபாயம் அது.

பட்டாம்பூச்சி தேடுவதற்கு எனக்குக் கைகொடுத்தது பழைய தொழில்தான். கடிதத்துக்கு முகவரி எப்படியோ, பட்டாம்பூச்சிக்குச் செடி அப்படி. பூவில் தேன் குடிக்க எங்கு வேண்டுமானாலும் போகும். முட்டையிட அந்தந்த இனத்துக்கு இன்ன செடிதான். வெந்தய வரியனுக்கு எருக்கு. கறிவேப்பிலை அழகிக்குப் பெயரிலேயே முகவரி இருக்கிறது. எலுமிச்சை, நாரத்தை மரங்களிலும் இருக்கும். கொன்றை மரத்தடியில் வெளிர்மஞ்சள் பூச்சிகள் சுற்றினால், இலைக்கடியில் பச்சைப் புழுவைத் தேடலாம். வெள்ளையில் கரும்புள்ளி வைத்த ஒரு சிறு பூச்சி இலந்தைப் புதரை விட்டு அதிக தூரம் போகாது. சாலை நடுவே வரிசையாக நிற்கும் அரளியில் வெண்புள்ளிக் கருப்பனின் கூடு தொங்கும். தங்க முலாம் பூசி மெருகேற்றியது போல் அது மின்னுவதைச் சிக்னலில் நிற்கும் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

எங்கள் பின்மூலையில் ஆடுதின்னாப்பாளை தரையோடு படர்ந்திருக்கிறது. பார்ப்பவருக்கு அது களை. ஆடுகூடத் தொடாத அந்தக் கசப்புச் செடிதான் சிவப்புடல் அழகிக்கு வீடு. செடியின் நஞ்சைப் புழு உண்டு உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. அதனால் பறவைகள் அந்தப் பட்டாம்பூச்சியைத் தொடுவதில்லை. சிவந்த உடல் அதற்கான எச்சரிக்கை. இதிலே ஒரு விந்தை உண்டு. நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சில, சிவப்புடல் அழகியைப் போலவே சிறகில் வேடம் பூண்டு தப்பிக்கின்றன. நான் முதல் ஆண்டு முழுவதும் இரண்டையும் ஒன்றென்றே எழுதிவைத்திருந்தேன். உடலைப் பார் என்று பேத்தி சொன்ன பிறகுதான் பிடிபட்டது. வேடம் சிறகோடு சரி. உடல் கறுப்பாகவே இருக்கும்.

ஆகவே ஒரு பூங்காவில் எருக்கையும் ஆடுதின்னாப்பாளையையும் அகற்றிவிட்டு நூறு பூச்செடிகள் வைத்தாலும், தெருவில் உணவுக்கடைகளைத் திறந்துவிட்டு வீடுகளை இடித்தது போலத்தான். வந்து குடித்துவிட்டுப் போகும், அங்கே பிறக்காது. கொரியன் புல்லில் நான் ஒரு மாதம் தேடியிருக்கிறேன். அதில் பிறந்த பட்டாம்பூச்சி ஒன்றையும் காணவில்லை.

இனி பள்ளத்தைப் பற்றி. நான் இந்தக் கடிதம் எழுதுவதே அதற்காகத்தான்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை எங்கள் பகுதியை எப்படி முக்கியது என்பதை இங்கே வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீடுகளில் தண்ணீர் வடிந்த பிறகும் பூங்காவின் பின்மூலைப் பள்ளத்தில் முழங்கால் அளவு நின்றது. நாற்றம் இல்லை, மழைநீர். சில வாரங்களில் கோரை எழுந்தது. ஜனவரிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது விடியும் முன்பே பேத்தியும் நானும் டார்ச் விளக்கோடு போனோம். கோரைத் தண்டு ஒன்றில் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே பழுப்பு நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. முதுகு பிளந்திருந்தது. அந்தப் பிளவிலிருந்து வெளிறிய ஓர் உடல் பாதி வெளியே வந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "செத்துவிட்டதா தாத்தா?" என்று கேட்டாள். இருவரும் சேற்றில் நின்றபடியே காத்திருந்தோம். அது திடீரென்று எம்பித் தன் தோலையே பிடித்துக்கொண்டு, மிச்ச உடலையும் உருவி எடுத்தது. கசங்கிய காகிதம் போல் இருந்த சிறகுகள் மெல்ல மெல்ல விரிந்தன. சூரியன் மேலே வந்ததும் சிறகை ஒரு முறை நடுக்கிவிட்டுப் பறந்துபோனது. அன்று பகல் முழுவதும் கோரையை ஒவ்வொன்றாகப் பார்த்து இருபத்தாறு காலித் தோல்களை எண்ணினோம். அவற்றில் மூன்று என் மேசை இழுப்பறையில், தீப்பெட்டிக்குள் இருக்கின்றன.

அவை மழைக்காலத்துக்கு முன் மொட்டைமாடிகளுக்கு மேல் கூட்டம் கூட்டமாகச் சுற்றுமே, அந்தப் பொன்மஞ்சள் தட்டான்கள். தும்பி பறந்தால் தூரத்தில் மழை என்று நம் பெரியவர்கள் சொன்னது இவற்றைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். இந்த இனம் மழைக் காற்றோடு பயணம் செய்வது. மழைநீர் தேங்கிய குட்டைகளைக் கண்டு முட்டையிடும்; அவை வற்றுவதற்குள் ஒன்றரை, இரண்டு மாதங்களிலேயே வளர்ந்து பறந்துவிடும். டிசம்பர் மழைக்கும் ஜனவரிக் கடைசிக்கும் கணக்கு சரியாக இருக்கிறதா? இதே இனம் ஆண்டுதோறும் அக்டோபரில் மாலத்தீவில் பெருங்கூட்டமாக வந்து இறங்குகிறது. தட்டான் வளர்வதற்கு ஏற்ற குளங்கள் அங்கே இல்லை என்றே சொல்லலாம். அப்படியானால் எங்கிருந்து வருகின்றன? மாலத்தீவில் வாழ்ந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் பல ஆண்டுகள் வருகைத் தேதிகளைக் குறித்துவைத்துப் பார்த்து, அவை இந்தியாவிலிருந்து கடல் கடந்து வருகின்றன, அங்கிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009-இல் எழுதினார். போகும் பூச்சியே திரும்புவதில்லை. அதன் வழிவந்த தலைமுறை திரும்புகிறது. ஒரு கிராம் எடைகூட இல்லாத உயிர் அது. முப்பத்தெட்டு ஆண்டுகள் கடிதங்களைச் சுமந்த எனக்கு, அந்தப் பயணத்தை முதன்முதலில் படித்த இரவு தூக்கம் வரவில்லை.

அந்த இனம் பிறந்த பள்ளத்தைத்தான் கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கப் போகிறார்கள்.

கொசு வரும் என்பார்கள். அந்த அச்சத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் தெருவிலேயே டெங்கு வந்து ஒரு குழந்தை ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தாள். அவள் தாய் பட்ட பாட்டை நான் பார்த்தேன். ஆனால் டெங்குவைப் பரப்பும் கொசு விரும்புவது வீட்டைச் சுற்றிலும் தேங்கும் தெளிந்த நீர்: பழைய டயர், தேங்காய் ஓடு, பூந்தொட்டியின் தட்டு, மூடாத தண்ணீர்த் தொட்டி. அங்கே கொசுப் புழுவைத் தின்ன யாரும் இல்லை. உயிருள்ள குட்டையில் இருக்கிறார்கள். தட்டானின் இளம் பருவம் முழுக்கத் தண்ணீருக்குள்தான். மடித்துவைத்த கீழுதட்டைக் கைபோல நீட்டி, கொசுப் புழுவைக் கவ்வி இழுத்துத் தின்னும். பறக்கத் தொடங்கிய பிறகு கொசுவையே பிடிக்கும். கொசுவுக்காக நாம் அடிக்கும் புகை இந்த வேட்டைக்காரர்களையும் சேர்த்தே கொல்கிறது. சென்ற ஆண்டு புகை அடித்த மறுநாள் காலை நடைபாதையில் பதினொரு தட்டான்களைப் பொறுக்கினேன். குட்டையில் கொசுமீன் விடுவதும் இதற்கு மாற்று ஆகாது. வெளிநாட்டிலிருந்து வந்த அந்த மீன் கொசுப் புழுவோடு நிற்காமல் தவளைக் குஞ்சையும் தட்டான் குஞ்சையும் தின்றுவிடும்.

பாம்பு பற்றிய அச்சமும் நியாயமானதே. காலையில் நடக்க வரும் பெண்கள் என்னிடம் அதைச் சொல்லியிருக்கிறார்கள். நடைபாதையின் இரு பக்கமும் இரண்டு முழம் அகலத்துக்குப் புல்லைக் குறுக வெட்டிவிடட்டும், பாதை தெளிவாகத் தெரியட்டும். பின்மூலையை மட்டும் ஒரே நாளில் முழுக்க மழிக்காமல், இந்த மாதம் ஒரு பாதி, இரண்டு மாதம் கழித்து மறுபாதி என்று வெட்டினால் புழுக்களுக்குப் போக்கிடம் இருக்கும். இதற்குச் செலவு குறையுமே தவிரக் கூடாது. உடற்பயிற்சிக் கருவிகளுக்கு வாசல் பக்கம் வேப்பமரத்தடியில் நிழலோடு இடம் இருக்கிறது. நானே அடி வைத்து அளந்திருக்கிறேன்.

எல்லாத் தட்டானும் நல்ல தண்ணீருக்கு அடையாளம் என்றும் நான் சொல்ல மாட்டேன். எங்கள் பகுதியில் சாக்கடை கலந்து ஓடும் கால்வாயோரம் ஆரஞ்சு நிறத் தட்டான் ஒன்று நூற்றுக்கணக்கில் இருக்கும். கெட்ட நீரைத் தாங்கும் இனம் அது. அந்தக் கால்வாயில் மூன்று ஆண்டுகளாக அந்த ஓர் இனத்தை மட்டும்தான் எழுதியிருக்கிறேன். கூப்பிடு தூரத்தில் உள்ள பூங்காப் பள்ளத்தில் ஏழு இனங்கள். அந்த ஏழில் ஒன்று, குண்டூசி போல் மெலிந்த மஞ்சள் ஊசித்தட்டான். 1798-இல் பெப்ரீசியஸ் என்ற டென்மார்க் அறிஞர் அதற்கு வைத்த அறிவியல் பெயரில் கோரமண்டல் இருக்கிறது. நம் சோழமண்டலக் கரையின் பெயரை உலகமெங்கும் சுமக்கும் பூச்சி, மடிப்பாக்கத்துக் கோரையில் உட்கார்ந்திருக்கிறது.

தண்ணீர் இல்லாத இடத்தில் இந்தப் பூச்சிகள் படும் பாட்டையும் சொல்ல வேண்டும். போன கோடையில் பூங்கா வாசலில் நிறுத்தியிருந்த ஒரு கறுப்புக் காரின் கூரைமேல் தட்டான் ஒன்று தாழப் பறந்து, வாலால் தொட்டுத் தொட்டு எழும்பிக்கொண்டிருந்தது. விளையாடுகிறது என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். விளையாட்டு இல்லை, முட்டையிட்டுக்கொண்டிருந்தது. பளபளக்கும் கறுப்பு வண்ணத்தில் பட்டுத் திரும்பும் ஒளி அதன் கண்ணுக்குத் தண்ணீர்ப் பரப்பாகவே தெரியும். வெயிலில் கொதிக்கும் தகட்டில் அந்த முட்டைகள் பொரியப் போவதில்லை. நான் ஒரு துண்டை எடுத்து விசிறி விரட்டினேன். அது அடுத்த காருக்குப் போயிற்று.

சென்னையில் இன்னும் பார்க்க இடம் இருக்கிறது என்பதையும் வாசகர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். கிண்டி தேசியப் பூங்கா 1978-இல் அறிவிக்கப்பட்டது, ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர்தான், ஆனாலும் நம் கடற்கரைச் சமவெளிக்கே உரிய முட்புதர்க் காடு அங்கே மிச்சம் இருக்கிறது. அதை ஒட்டிய சிறுவர் பூங்காவில் காலையில் வெயில் ஏறத் தொடங்கும்போது புதர்களைப் பாருங்கள். சிறகை விரித்துக் குளிர்காயும் பூச்சிகள் எளிதில் கண்ணில் படும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. எல்லோரும் அங்கே பறவை பார்க்கப் போகிறார்கள். கொஞ்சம் கண்ணைத் தாழ்த்தினால், மஞ்சளும் கறுப்பும் கலந்த அகன்ற சிறகோடு மிதந்து வரும் ஒரு தட்டானைக் காணலாம்; முதல் பார்வையில் பட்டாம்பூச்சி என்றே நினைப்பீர்கள்.

எனக்கு மிகப் பிடித்தது நன்மங்கலம். வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, காப்புக்காட்டு வேலிக்கு வெளியே நின்றபடியே பார்க்கலாம். வெளியூர்க்காரர்கள் அதைத் தரிசு என்றுதான் சொல்வார்கள்: காரை, சூரை, இலந்தை, ஆவாரை, நடுவே பாறை. அங்கே விழுதிச் செடியைச் சுற்றி, சிறகு நுனியில் குங்குமம் தொட்டு வைத்தாற்போன்ற சிறிய வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் தாழப் பறக்கும். அதை முதன்முதலில் பார்த்த அன்று பேத்தி ஒரு வார்த்தை பேசவில்லை, என் கையைப் பிடித்து அழுத்தினாள். 2019-இல் தமிழ் மறவன் நம் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்டபோது மகிழ்ந்தேன். ஆனால் அதைக் காண மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போக வேண்டும். தெருமுனையில் இருப்பதை நம் பிள்ளைகள் பார்ப்பதற்கு அப்படி எந்தப் பயணமும் வேண்டாம். களை என்று பெயர் வைத்து நாம் வெட்டாமல் இருந்தால் போதும்.

மூன்று ஆண்டுகளில் எங்கள் பூங்காவில் மட்டும் 41 வகைப் பட்டாம்பூச்சிகளை எழுதியிருக்கிறேன். நான் படித்த அறிஞன் இல்லை. ஐயம் உள்ளவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தக் குறிப்பேட்டின் நகலைப் பூங்காவைப் பராமரிப்பவர்களிடம் இரண்டு முறை கொடுத்தேன். மரியாதையாகத்தான் வாங்கிக்கொண்டார்கள். பள்ளம் இருக்கும் இடத்தில் வந்து ஒரு காலை நேரம் நின்று பாருங்கள் என்று கேட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்க அதிக நாள் இல்லை. மொட்டைமாடிக்கு மேல் பொன்மஞ்சள் தட்டான்கள் ஏற்கெனவே சுற்றத் தொடங்கிவிட்டன. அவை தேடுவது அந்தப் பள்ளத்தைத்தான்.

அட்டைப்பெட்டியில் வைத்த நான்கு புழுக்களில் ஒன்று இறந்துவிட்டது. மூன்று கூடு கட்டியிருக்கின்றன. வெளிர்பச்சை நிறத்தில், இடையில் பொட்டுப் பொட்டாகப் பொன் வைத்து. இன்று காலை ஒன்றின் பச்சை நிறம் மங்கி, உள்ளே மடித்த சிறகு நிழலாகத் தெரிகிறது. நாளை வெளியே வந்துவிடும். பின்மூலையில் கொண்டுபோய் விடப் போகிறேன். வெட்டிய எருக்கின் அடிக்கட்டை ஒன்றில் விரல் நீளத்துக்குத் துளிர் விட்டிருக்கிறது. அதைச் சுற்றி நான்கு செங்கல் வைத்திருக்கிறேன். புல்வெட்டுபவரும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
மடிப்பாக்கம், சென்னை.